நேர்த்திக்கடன் முடியும் பள்ளியின் கத்தரிக்கோலும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. எழுதியவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியும் சிலவற்றை விட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவர். திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தவர். கணவருடைய குடும்பம் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறை. மகனுக்குப் பதினைந்து வயது, அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். சென்ற ஆண்டு மூளைக்காய்ச்சலில் அவன் மருத்துவமனையில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து முடி இறக்குவதாகத் தாய் முருகனிடம் வேண்டிக்கொண்டார். அதுவரை தலையில் கத்தி படக்கூடாது என்பது வேண்டுதல். முடி சட்டைக் காலரைத் தொட்டதும் பள்ளியில் கண்டிக்கத் தொடங்கினார்கள். பிறகு, முடி வெட்டிய பின் வந்தால் போதும் என்று வாய்மொழியாகச் சொல்லி மூன்று நாள் திருப்பி அனுப்பினார்கள். கோயில் குருக்களிடம் கடிதம் கேட்டார்கள். நேர்மையான மனிதரான அந்தக் குருக்கள், முடி வளர்ப்பது சமயத்தில் கட்டாயமில்லை, வேண்டுதல் அவரவர் விருப்பம் என்று எழுதிக் கொடுத்தார். பள்ளி அந்தக் கடிதத்தையே மறுப்புக்குக் காரணமாக்கியது. நான்காம் நாள் சென்ற பையனை, காலைக் கூட்டம் முடிந்ததும் இரு கைகளையும் உயர்த்தியபடி முற்றத்தில் அரை மணி நேரம் நிற்க வைத்திருக்கிறார்கள். அதன் பின் ஒன்பதாம் வகுப்புகளுக்குப் பொறுப்பான ஆசிரியர், மற்ற மாணவர்கள் பார்த்திருக்க, அவனது பின்தலை முடியைக் கத்தரித்திருக்கிறார். காதோரம் கத்தரிக்கோல் பட்டுச் சிறு கீறல். யாரோ ஒரு மாணவன் எடுத்த படம் அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் பரவிவிட்டது. மறுநாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்ற மகனைத் தந்தை பெல்ட்டால் இரண்டு அடி அடித்தார். "நாங்கள் பிரம்படி வாங்கித்தான் ஆளானோம்" என்பது அவர் வாதம். வேண்டுதல் முறிந்துவிட்டது, தெய்வக்குற்றம் வந்துவிட்டது என்பது மாமியாரின் கவலை.

தாயின் கேள்விகள் இவை. சேர்க்கையின்போது விதிகளை ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்ட நாங்கள் இப்போது கேட்க முடியுமா? குருக்களே கட்டாயமில்லை என்று சொன்ன பின் சமய உரிமை என்று வாதாட முடியுமா? பேசாமல் வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா? புகார் கொடுத்தால் மகனைப் பழிவாங்குவார்களா?

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகனின் தலையில் கத்தரிக்கோல் வைத்த செயலுக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் இடமே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விதி சரியானதாகவே இருந்தாலும், முடி உண்மையாகவே விதியை மீறி வளர்ந்திருந்தாலும், நீங்கள் விலக்கு கேட்காமலே இருந்திருந்தாலும் இதில் மாற்றமில்லை. நீங்கள் கடிதம் முழுவதும் உங்கள் பக்கத்துத் தவறுகளைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அதை நிறுத்திவிட்டு, நடந்தவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

தனித்தனியாகப் பார்க்க வேண்டிய மூன்று செயல்கள்

முதலாவது, மூன்று நாள் திருப்பி அனுப்பியது. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின்படி ஒரு மாணவரை இடைநீக்கம் செய்யும் அதிகாரம் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு உண்டு. ஆனால் கடுமையான நடத்தைக் குற்றச்சாட்டு இருக்க வேண்டும்; மாணவரும் பெற்றோரும் தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும்; தண்டனையாக இடைநீக்கம் செய்வதென்றால் நியாயமான விசாரணைக்குப் பிறகு, ஏழு பள்ளி நாட்களுக்கு மேற்படாமல் செய்ய வேண்டும். ஓர் ஆசிரியர் வாசலில் நின்று "முடி வெட்டிக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்புவது இந்த வழிமுறை எதிலும் சேராது. பெயர் சூட்டாமல், தாளில் எழுதாமல் செய்யப்படும் இடைநீக்கம் அது. எழுத்தில் இல்லாததால்தான் அது நடக்கிறது என்பதையும் கவனியுங்கள்: பதிவு இருந்தால் பதில் சொல்ல வேண்டி வரும்.

இரண்டாவது, கைகளை உயர்த்தி நிற்க வைத்தது. பிரம்பு எடுத்து அடித்தால்தான் உடல் தண்டனை என்று நீங்கள் நினைத்திருப்பதாகத் தெரிகிறது. "அடிக்கவில்லை, நிற்கத்தான் வைத்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்து அதைக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அடிப்படைக் கல்விச் சட்டத் திருத்தம் உடல் தண்டனை என்றால் என்ன என்பதை விரிவாகவே வரையறுத்தது. எவ்வளவு லேசானதாக இருந்தாலும், தண்டிப்பதற்காகக் குழந்தைக்கு வலியோ உடல் அசௌகரியமோ வேண்டுமென்றே ஏற்படுத்தும் செயல் எல்லாம் அதில் அடங்கும். அடிப்பது, கிள்ளுவது, முடியைப் பிடித்து இழுப்பது, அசௌகரியமான நிலையில் நிற்க வைப்பது, வற்புறுத்தி உடற்பயிற்சி செய்ய வைப்பது, உணவை மறுப்பது, கழிவறைக்குப் போகவிடாமல் தடுப்பது ஆகிய அனைத்தும் அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. அரை மணி நேரம் தூக்கிய கைகள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இதற்குள் வருகின்றன.

மூன்றாவது கத்தரித்தது. மற்றொருவர் உடலில் அவர் சம்மதமின்றிக் கைவைப்பது, கீறல் விழுந்தாலும் விழாவிட்டாலும், தாக்குதல் என்னும் குற்றத்தின் வரம்புக்குள் வரும். சகமாணவர் முன்னிலையில் செய்ததால் மனித மாண்பைக் குலைத்த தனிக்குற்றமும் அதனோடு சேரக்கூடும் என்பது என் கருத்து. அரசியலமைப்பின் 10ஆம் பிரிவு மாண்பையும், 12ஆம் பிரிவு உடல் மீதான உரிமையையும் இழிவான தண்டனையிலிருந்து விடுதலையையும் தருகின்றன. 28ஆம் பிரிவு குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. இவை பள்ளி வாசலில் முடிந்துபோகும் உரிமைகள் அல்ல.

கையெழுத்திட்டுவிட்டோமே என்ற அச்சம்

சேர்க்கையின்போது விதித்தொகுப்பில் கையெழுத்து வாங்காத பள்ளி இங்கே அரிது. அந்தக் கையெழுத்து, விதிகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள் என்பதற்குச் சான்று. சட்டம் தடைசெய்ததைச் செய்யப் பள்ளிக்கு அது அனுமதி தராது. உங்கள் மகனின் அரசியலமைப்பு உரிமைகளை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் ஆகாது. விதித்தொகுப்பைக்கூட நிர்வாகக் குழு தன் விருப்பப்படி எழுதிவிட முடியாது. மாணவர்கள், பெற்றோர்கள், ஆசிரியர்கள் மூவரையும் கலந்தே உருவாக்க வேண்டும். 2024ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதில் மாணவர்களின் பண்பாட்டு நம்பிக்கைகள், சமய வழக்கங்கள், மருத்துவ நிலை ஆகியவை கருத்தில் கொள்ளப்பட வேண்டும். தக்க காரணம் காட்டினால் விலக்கு கேட்பதற்கான வழியும் விதித்தொகுப்பிலேயே இருந்தாக வேண்டும். நிர்வாகக் குழு மறுத்தால் மாகாணக் கல்வித்துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

உங்கள் பள்ளியின் விதித்தொகுப்பை எடுத்து, விலக்குக்கான பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தொகுப்பே குறையுள்ளது. இருந்தும் உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்றால், குருக்களின் கடிதம் கேட்ட அன்றே சொல்லியிருக்க வேண்டியதை மறைத்துவிட்டார்கள் என்று பொருள்.

கட்டாயமில்லாத வேண்டுதலுக்குப் பாதுகாப்பு உண்டா

உண்டு. இதற்கான தீர்ப்பு பிறந்ததே நம் ஊரில், நம்மவர் குடும்பத்தில். டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த தமிழ்ப் பெண் ஒருத்தி 2004ஆம் ஆண்டு விடுமுறையில் மூக்கு குத்திக்கொண்டு வந்தாள். தென்னிந்தியக் குடும்பங்களில் பெண் வயதுக்கு வரும்போது மூக்குத்தி அணியும் வழக்கத்தைத் தாய் கடிதமாக எழுதி விளக்கினார். பள்ளி ஏற்கவில்லை. பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 2007 அக்டோபர் 5ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு ஆதரவாக முடிவு சொன்னது. அந்தக் குடும்பத்தின் பெயரால், சட்ட வட்டாரத்தில் அதைப் பிள்ளை வழக்கு என்பார்கள்.

பள்ளி அங்கே முன்வைத்த வாதம், உங்களிடம் சொல்லப்பட்டதுதான்: மூக்குத்தி சமயக் கட்டாயம் இல்லை, விரும்பினால் அணியும் ஒன்று, ஆகவே பாதுகாப்பில்லை. தலைமை நீதிபதி பியஸ் லங்கா அதை ஏற்கவில்லை. ஒருவர் தன் சமயத்தின் அல்லது பண்பாட்டின் பகுதியாக மனமார மேற்கொள்ளும் வழக்கம், சாத்திரம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் பாதுகாப்புக்கு உரியது என்றார். யோசித்துப் பாருங்கள்: நம் வழிபாட்டில் பாதிக்கு மேல் வேண்டுதலால் நடப்பது. மண்சோறு, அலகு, தீமிதி, பால்குடம், கூழ் ஊற்றுதல், முடி இறக்குதல் எதையும் எந்த நூலும் எல்லோர் மீதும் கட்டாயமாக்கவில்லை. கட்டாயத்தை மட்டுமே அளவுகோலாக வைத்தால் மையப்படுத்தப்பட்ட மதங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். ஊர்தோறும் வீடுதோறும் மாறுபடும் நம் வழிபாட்டுக்கு எதுவும் மிஞ்சாது. குருக்கள் உண்மையைத்தான் எழுதினார். அவரிடம் கேட்கப்பட்ட கேள்விதான் தவறானது.

வேறு பள்ளிக்குப் போகட்டுமே என்ற யோசனையையும் அந்தத் தீர்ப்பு நிராகரித்தது. அப்படிச் சொல்வது சில சமயத்தாரையும் பண்பாட்டாரையும் ஓரங்கட்டுவதாகும் என்பது அதன் நிலை. ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் நாளை எல்லோரும் கேட்பார்களே என்ற அச்சத்துக்கு நீதிமன்றம் தந்த பதில் எனக்கு மிகவும் பிடித்தது. இதுவரை பயந்து மறைத்தவர்கள் இனித் தங்கள் நம்பிக்கையைத் துணிந்து வெளிப்படுத்துவார்கள் என்றால், அது மகிழ்ச்சிக்குரியதேயன்றி அஞ்சத்தக்கது அல்ல என்றது.

இருப்பினும் இரண்டு செய்திகளை மறைக்க மாட்டேன். சீருடைக்கு நல்ல நோக்கம் உண்டு, பள்ளிகள் விதி வகுக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. விருப்பத்துக்கேற்ற அலங்காரம் எல்லாவற்றுக்கும் அது உரிமைச் சீட்டு தரவில்லை. அடுத்தது, அந்தத் தாய் முன்கூட்டியே விலக்கு கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது நீதிபதிகளின் கவனத்துக்கு வந்தது. நீங்களும் வேண்டுதலை எழுத்தில் தெரிவிக்கவில்லை. கண்டித்த பிறகே வாயால் சொன்னீர்கள். இது உங்கள் உரிமையை அழித்துவிடாது, ஆனால் எதிர்த்தரப்பு இதைச் சுட்டிக்காட்டும்.

முடியில் பள்ளிக்கு என்ன அக்கறை

சட்டப்பிரிவுகளோடு இதை முடித்துவிட என்னால் இயலவில்லை. "அரை அங்குல முடிக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்" என்று கேட்டிருந்தீர்கள். முடியின் நீளத்தால் கணக்குப் பாடம் கெடுவதில்லை என்பது அந்த ஆசிரியருக்கும் தெரியும். ஒரு நிறுவனம் தன் கீழிருப்பவர்களின் உடலில் மிகச் சிறிய விவரத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும்போது, பெரிய விவரங்களில் அது கட்டளையிட வேண்டிய தேவையே எழுவதில்லை. நகம், காலணி, காலுறையின் உயரம், வரிசையில் நிற்கும் இடைவெளி, கூப்பிட்டவுடன் எழும் வேகம் ஆகியவற்றில் பழகிய உடல், தானே தன்னைக் கண்காணித்துக்கொள்ளும். எல்லோர் முன்னிலையிலும் ஒருவனைத் தண்டிப்பதும் அவனுக்காக மட்டும் அல்ல. பார்த்துக்கொண்டிருந்த மற்ற மாணவர்கள் அன்று மாலை வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் தங்கள் தலையைப் பார்த்திருப்பார்கள்.

உங்கள் கணவரின் முன்னோர்கள் இதை நன்றாக அறிவார்கள். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் டர்பன் அமைந்த நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கப்பல் பதிவேட்டில் பெயருக்கு முன் ஓர் எண். ஊர், சாதி, தகப்பன் பெயரோடு உடம்பில் எங்கே மச்சம், எங்கே தழும்பு என்ற குறிப்பும் உண்டு. ஓடிப்போனால் பிடிப்பதற்கு அந்தத் தழும்பு உதவும். தோட்டத்தை விட்டு வெளியே போக முதலாளியின் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டவருக்குச் சிறை. ஒப்பந்தம் முடிந்து சென்னை திரும்பியவர்கள் 1871இல் சவுக்கடி பற்றியும் பிடித்தம் செய்யப்பட்ட கூலி பற்றியும் முறையிட்ட பிறகே, 1872இல் நேட்டாலில் விசாரணைக் குழு அமைந்தது. 1907இல் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் பத்து விரல் ரேகையும் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது, ரேகை கேட்பது குற்றவாளியாக நடத்துவது என்று உணர்ந்து சிறை சென்றவர்களில் தமிழர்கள் மிகப் பலர்.

கறுப்பின மக்களுக்கு முடியின் வரலாறு இன்னும் கொடுமையானது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இனம் பிரிக்கும்போது தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்த அதிகாரிகள் இந்த மண்ணில் இருந்தார்கள். 2016இல் பிரிட்டோரியாவில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவிகள் தங்கள் இயல்பான முடியை அடக்கச் சொன்ன விதிகளுக்கு எதிராகத் திரண்டபோது நாடே திரும்பிப் பார்த்ததற்கு அந்த நினைவே காரணம்.

ஒழுக்கத்துக்கு முடி கெடுதல் என்ற வாதம் நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டிருக்கிறது. சிறைத்துறையில் பணிபுரிந்த ஆண் காவலர்கள் ஐவர், சடைமுடியை வெட்ட மறுத்ததற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். சிலர் ராஸ்தஃபாரி சமயத்தினர், மற்றவர்கள் கோசா மரபில் மருத்துவராகும் அழைப்பைப் பெற்றவர்கள். பெண் காவலர்களுக்கு அந்தத் தடை இல்லை. சடைமுடியால் அவர்கள் பணி கெட்டதற்கோ சிறையின் பாதுகாப்பு குலைந்ததற்கோ சான்று எதுவும் இல்லை என்று 2013இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் துறையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சிறைச்சாலையே காட்ட முடியாத காரணத்தை ஒன்பதாம் வகுப்பு எப்படிக் காட்டும் என்று உங்கள் பள்ளி நிர்வாகக் குழுவிடம் நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

வீட்டுக்குள் நடந்தது

இனி எழுதுவது உங்களுக்கு வருத்தம் தரலாம். ஆனாலும் அந்தப் பையனுக்காக எழுதியாக வேண்டும்.

உங்கள் கணவர் சொல்வது போல, அவர் படித்த காலத்தில் பிரம்பு பள்ளியில் சட்டபூர்வமாகவே இருந்தது. பள்ளியில் மட்டுமா? நீதிமன்றங்கள் சிறுவர்களுக்கு ஏழு அடி வரை தண்டனை விதித்தன. 1995இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ஒழித்தது. அடுத்த ஆண்டு பள்ளிகளில் தடை வந்தது. பைபிள் அடிக்கச் சொல்கிறது என்று வாதாடிய தனியார் கிறித்துவப் பள்ளிகளுக்கும் விலக்கில்லை என்று 2000இல் தீர்ப்பானது. 2019 செப்டம்பர் 18 அன்று, கண்டிப்பதற்காகப் பெற்றோர் நியாயமான அளவில் அடிக்கலாம் என்ற பழைய பொதுச்சட்டப் பாதுகாப்பும் நீங்கியது. ஆகவே பெல்ட் அடியும் இன்று சட்டத்தின் முன் தாக்குதல்தான். உங்கள் கணவரைக் குற்றவாளியாக்க நான் இதை எழுதவில்லை. அடிதான் தன்னை ஆளாக்கியது என்று நம்பினால்தான் பட்ட அடிக்கு ஒரு பொருள் இருக்கும் என்ற நிலையில் வளர்ந்த தலைமுறை அது. இதை உங்கள் கணவரிடம் நீங்களோ, அவர் மதிக்கும் ஒரு பெரியவரோ பேச வேண்டும். பள்ளிக்கு எதிராகப் புகார் எழுதும்போது, மகன் வீட்டில் அடி வாங்கியதை எதிர்த்தரப்பு அறிந்தால் அதைப் பயன்படுத்தும் என்பதும் நடைமுறை உண்மை.

வேண்டுதல் பற்றியும் ஒரு கேள்வி. அதைச் செய்தவர் நீங்கள். முடி அவன் தலையில் வளர்ந்தது, கேலியை அவன் கேட்டான், முற்றத்தில் அவன் நின்றான். அவனுக்கு அந்த வேண்டுதலில் மனம் இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அவன் சொன்ன ஒரு வாக்கியமாவது இருக்கும் என்று தேடினேன், இல்லை. பிள்ளை வழக்கிலும் தாயின் சாட்சியமே பெரிதும் இருந்தது. யாருடைய நம்பிக்கையோ அவர் வாயாலேயே கேட்பது விரும்பத்தக்கது என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. சிறுவர் சட்டமும் தன்னைப் பற்றிய முடிவுகளில் குழந்தை பங்கேற்கும் உரிமையைத் தருகிறது. அவன் 'ஆம், நான் முருகனுக்குத் தருகிறேன்' என்றால் உங்கள் வழக்கு மிக வலுவானது. வேண்டாம் என்றால் விலக்கு கேட்பதை விட்டுவிடுங்கள். கத்தரித்ததற்கான புகாருக்கு அதனால் எந்தக் குறையும் வராது. மாமியாரின் கவலைக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. வலுக்கட்டாயமாகப் பிறர் வெட்டியதால் வேண்டுதல் முறியுமா என்று அதே குருக்களிடம் கேளுங்கள். நேர்மையாக எழுதிக் கொடுத்தவர் நேர்மையாகவே ஆறுதலும் சொல்வார்.

இனி எடுக்க வேண்டிய நடவடிக்கை

எல்லா வழிகளையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதலில் ஆவணங்கள். நடந்ததை நாள், நேரம், பெயர்களோடு மகன் தன் சொற்களில் எழுதட்டும்; நீங்கள் திருத்தாதீர்கள். தலையையும் காதோரக் கீறலையும் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், காவல் நிலையத்தில் புகார் பதியும்போது ஜே88 என்ற மருத்துவப் படிவத்தை அவர் நிரப்ப வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாருக்கும் அனுப்பாதீர்கள். சமூக ஊடகத்தில் போட்டுப் பள்ளியை அவமானப்படுத்தலாம் என்று உறவினர் யோசனை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதனால் இன்னும் ஆயிரம் பேர் அந்தப் பையனை அந்த நிலையில் பார்ப்பார்கள். செய்யாதீர்கள்.

அடுத்து இரண்டு கடிதங்கள், தனித்தனியாக. ஒன்று தலைமை ஆசிரியருக்கும் நிர்வாகக் குழுத் தலைவருக்கும், நடந்த மூன்று செயல்கள் பற்றிய புகார். எழுத்தில் பதில் கேளுங்கள், நகலை மாகாணக் கல்வித்துறையின் வட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மற்றொன்று, மகன் விரும்பினால், தைப்பூசம் வரை முடி வளர்க்க விலக்கு கேட்கும் விண்ணப்பம். முடியைச் சுத்தமாகக் கட்டி வருவான், காவடி முடிந்ததும் மொட்டையடித்துவிடுவான், அதன்பின் வழக்கமான நீளத்துக்கு வருவான் என்று கால எல்லையோடு எழுதுங்கள். மொட்டைத் தலையோடு வரும்போதும் இன்னொரு விதி குறுக்கே வரலாம். அதற்கும் இதிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள்.

பள்ளி அசையாவிட்டால் சமத்துவ நீதிமன்றம் இருக்கிறது. உங்கள் பகுதி நீதவான் நீதிமன்றமே அந்தப் பணியைச் செய்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமலும் செல்லலாம், படிவம் நிரப்ப எழுத்தர் உதவுவார். பாகுபாடு நடந்ததற்கான முதல்நிலைச் சான்றை நீங்கள் காட்டினால், அது நியாயமானது என்று நிறுவும் பொறுப்பு பள்ளியின் தலையில் விழும். தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையத்திலும் கட்டணமின்றி முறையிடலாம். அந்த ஆசிரியரின் தொழில் நடத்தை குறித்துத் தென்னாப்பிரிக்க ஆசிரியர் பேரவையிடம் தனிப் புகார் கொடுக்கலாம். எச்சரிக்கை, அபராதம், பதிவு நீக்கம் வரை அதற்கு அதிகாரமுண்டு.

காவல் நிலையம் பற்றி என் நிலையைச் சொல்கிறேன். புகார் கொடுக்கும் முழு உரிமையும் உங்களுக்கு உண்டு. கொடுக்காமல் விடச் சொல்லும் அதிகாரம் பள்ளிக்கோ சமாதானம் பேச வருபவர்களுக்கோ இல்லை. ஆனால் குற்ற வழக்கில் மகன் சாட்சி சொல்ல வேண்டி வரும், மாதங்கள் ஓடும். அவன் அதற்குத் தயாரா என்று கேட்ட பிறகே முடிவெடுங்கள். ஆசிரியர் உண்மையாக வருந்தி, முற்றத்தில் அவமதித்தது போலவே அதே மாணவர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டு, பள்ளியும் விதித்தொகுப்பைத் திருத்தினால், பல சிறுவர்களுக்குத் தீர்ப்பைவிட அது பயன் தரும். இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால் ஒரு காலக்கெடுவை மறக்காதீர்கள்: அரசுப் பள்ளியின் செயலுக்கு அரசே பொறுப்பு, அரசுத் துறைக்கு எதிரான கோரிக்கைக்கு, சம்பவம் நடந்த ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும்.

பழிவாங்கல் நடக்காது என்று உறுதி கூற முடியாது. புகாருக்குப் பின் மதிப்பெண் குறைவது, சிறு காரணங்களுக்குத் தண்டிப்பது போன்றவை நடந்தால் தேதியோடு குறித்துவைத்து வட்ட அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். எழுத்தில் புகார் பதிந்திருக்கும் குழந்தை மீது கைவைக்கப் பலரும் தயங்குவார்கள். பள்ளி மாற்றுவது தோல்வி என்று எண்ண வேண்டாம். அது மகனின் விருப்பமாக இருக்க வேண்டும், பள்ளியின் வசதிக்காக இருக்கக் கூடாது. நீதிமன்றத்தின் வேகத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்: மூக்குத்தி வழக்கில் இறுதித் தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளியை விட்டே போயிருந்தாள்.

வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லையென்றால் அரசின் சட்ட உதவி அமைப்பையோ, டர்பனில் உள்ள சட்ட வள மையத்தையோ அணுகுங்கள். இந்த வாரத்துக்குள் முதல் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். அதுவரை மகன் பள்ளிக்குப் போக மறுத்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். அவன் வராத நாட்களுக்கான காரணத்தை அதே கடிதத்தில் குறிப்பிட்டு, அந்நாட்களின் பாடங்களையும் தேர்வுகளையும் ஈடுசெய்ய ஏற்பாடு கேளுங்கள்.